பறம்பின் உணவும் நம் மலையின் உணவும்

மேனாட்டிலே பிறந்த சொல்லொன்று தமிழகத்தைச் சுற்றிக்கொண்டு இப்பொழுது ஹற்றனுக்கும் நுவரெலியாவுக்கும் வந்து சேர்ந்திருக்கின்றது. 'பேலியோ' என்பது அச்சொல். ஆசிரியர் அறையில் அது பேசப்படுகின்றது. கலியாணப் பந்தியிற் சோற்றை ஒதுக்கிவைப்பவர் அதன் பெயரைச் சொல்லுகின்றார். கொழும்பிலே கடையில் வேலைபார்க்கும் மகன், தோட்டத்து லயத்தில் இருக்கும் தாய்க்குத் தொலைபேசியில் அதனை உபதேசிக்கின்றான். அஃது யாது என்று கேட்பார் பலர். விடை கூறுவார் சிலர். அச்சிலரும் இரு திறத்தர். ஒரு திறத்தார் அதனைச் சகல நோய்க்கும் மருந்து என்பர். மற்றைத் திறத்தார் அது பணம் படைத்தவர்களின் பைத்தியம் என்பர். இவ்விரண்டும் விடையாகா. புகழ்தலும் இகழ்தலும் விளக்குதல் ஆகுமோ?

நான் வைத்தியனல்லேன், இலக்கணமும் சங்கச் செய்யுளும் பாடஞ் சொல்லும் தமிழாசிரியன். ஆயினும் இவ்வினாவுக்கு விடை கூறும் கடமை எனக்கும் வந்துவிட்டது. என் வயது 55. குருதியிலே சர்க்கரை மிகுந்துவிட்டதென்று 2 ஆண்டுகளுக்கு முன் வைத்தியர் கூறியபின், அவருடைய மேற்பார்வையிலேயே இவ்வுணவு நெறியின் ஒரு பகுதியை நானுங் கைக்கொண்டு வருகின்றேன். பகலுணவுக்குப் பெட்டியைத் திறந்தால், "சோறு எங்கே ஐயா?" என்று சக ஆசிரியர்கள் கேட்கின்றனர். மாணவரும் கேட்கின்றனர். கேட்பார்க்கு எளிதாய்ச் சொல்லும் முறையிலே இதனை எழுதுகின்றேன். எழுதப் புகுந்தபின், சாப்பாட்டுப் பெட்டியோடு அமையாத ஒரு பெரிய பொருளும் இதனுள்ளே கிடப்பதைக் கண்டேன். அதனையும் மறைத்தற்கில்லை.

முதலிற் சொல்லை நோக்குவோம். கிரேக்க மொழியிலே 'பலயோஸ்' என்றாற் பழமை. 'லிதோஸ்' என்றாற் கல். இரண்டையும் புணர்த்துப் பழங்கற்காலம் என்னும் பொருள்படும் சொல்லை 1865இல் வழங்கியவர் ஜோன் லபொக் என்னும் ஆங்கில அறிஞர். அதற்கு 2 ஆண்டு முன்னரே, 1863இல், சென்னையை அடுத்த பல்லாவரத்திலே ரொபர்ட் புரூஸ் பூட் என்பார் பழங்கற்காலக் கருவியொன்றைக் கண்டெடுத்தார். ஆகவே 'பேலியோ' என்ற பெயர் புதிதேயாயினும், அப்பெயர் குறிக்கும் காலம் தமிழ் நிலத்துக்குப் புதிதன்று. கல்லை உடைத்துக் கருவி செய்த அம்மனிதன் ஏர் அறியான். அவன் வேட்டையாடினான், மீன் பிடித்தான், கிழங்கு அகழ்ந்தான், காயும் கனியும் கொட்டையும் பறித்தான், தேன் அழித்தான். அவன் உண்டவற்றை ஒத்தனவற்றையே நாமும் உண்ணுதல் வேண்டும் என்பது பேலியோ உணவின் கொள்கை. 'தொல்லுணவு' என்று நாம் அதனைத் தமிழில் வழங்கலாம்.

இதனைச் சுருங்கச் சொல்ல மூன்று வாக்கியம் போதும். உழவுக்கு முன் மனிதனுக்குக் கிடைத்த இறைச்சி, மீன், முட்டை, கீரை, காய், கனி, கொட்டை ஆகியவற்றை உண்க. உழவும் தொழுவும் வந்தபின் கிடைத்த தானியம், பருப்பு, பால் ஆகியவற்றை விலக்குக. ஆலையிலே செய்த சீனி, தீட்டிய மா, பொதிசெய்த தின்பண்டம் ஆகியவற்றை அறவே தொடாதொழிக. இவ்வளவே அதன் விதி. மற்றவையெல்லாம் உரையும் உரைமேல் உரையுமேயாம்.

இவ்விதிக்கு அவர்கள் காட்டும் காரணமும் எளியதே. மனிதனும் அவன் முன்னோரும் வேட்டையாடியும் பொறுக்கியும் வாழ்ந்த காலம் பல இலட்சம் ஆண்டு. ஏர் பிடித்த காலமோ ஏறத்தாழ 10,000 ஆண்டு. சீனியும் வெள்ளை மாவும் ஏழை வீட்டிலும் மலிந்த காலம் இருநூறு ஆண்டுக்கு உட்பட்டதே. நம் உடல் பழைய உணவுக்கென அமைந்தது, உணவோ புதிதாகிவிட்டது, இவ்விரண்டும் பொருந்தாமையாலே நீரிழிவும் உடற்பருமனும் இதய நோயும் பெருகின என்பது அவர் வாதம். 1975இல் வோல்டர் வொக்ட்லின் என்னும் அமெரிக்க வைத்தியர் இதுபற்றி ஒரு நூல் எழுதினார். 1985இல் போய்ட் ஈட்டன், மெல்வின் கொன்னர் என்னும் இருவர் புகழ்பெற்ற மருத்துவ ஏடொன்றிலே இதனை ஆராய்ச்சிப் பொருளாக்கினர். 2002இல் லோரன் கோர்டெய்ன் எழுதிய நூலினால் அஃது உலகெங்கும் பரவிற்று.

தமிழிலே இதனைப் பரப்பியவர் நியாண்டர் செல்வன் என்னும் புனைபெயருடையார். முகநூற் குழுவின் வாயிலாகவும் நூலின் வாயிலாகவும் அவர் எழுதியவை பல்லாயிரவரைச் சென்றடைந்தன. தமிழகத்துப் பேலியோ மேனாட்டு மூலத்தினின்றும் ஓரளவு வேறுபட்டது. கோர்டெய்ன் பாலை விலக்கினார். தமிழகத்தார் நெய்யையும் பனீரையும் சேர்த்துக்கொண்டனர். புலாலுண்ணாதார்க்கும் ஒரு வழி வேண்டுமன்றோ? காலையுணவாக 100 பாதாம்பருப்பு என்பதும் அங்கே எழுந்த வழக்கே. மூலநூல் ஒன்று, வழிநூல் ஒன்று என்று நாம் இலக்கணத்திற் கூறுவதைப் போன்றது இது. வழிநூல் மூலத்தோடு பெரும்பான்மை ஒத்துச் சிறுபான்மை வேறுபடும்.

இனி என் உணவைக் கூறுகின்றேன். காலையில் 2 முட்டையும் ஒரு கிண்ணம் கீரையும். நண்பகலிலே மீன் அல்லது கோழி, போஞ்சி, கோவா, கரட் முதலிய மரக்கறிகள், அவற்றோடு சோறு ஓர் அகப்பை. இரவிலும் ஏறக்குறைய அதுவே. தேநீருக்குச் சீனியில்லை. பருப்பை நான் விட்டேனல்லேன். சோற்றையும் முற்றாக விட்டேனல்லேன். ஆதலால் "பண்டிதர் முழுக் கற்காலத்தாரல்லர், அரைக் கற்காலத்தார்" என்று நண்பர்கள் நகைப்பர். அந்நகைப்பில் உண்மை உண்டு. எனக்குச் சர்க்கரை அளவு தணிந்தது. உடலும் சற்று இளைத்தது. ஒருவனுக்கு நேர்ந்தது சான்றாகாது. சிறு தொகையினரைக் கொண்டு சில மாதகாலம் நடத்திய ஆய்வுகளிலும் எடையும் சர்க்கரையும் குறைந்தமை காணப்பட்டது. நெடுங்காலப் பயன் இன்னும் நிறுவப்படவில்லை. சீனியையும் வெள்ளை மாவையும் பொதிப் பண்டங்களையும் விடுக என்னும் பகுதியை மட்டும் எந்த வைத்தியரும் மறுப்பாரல்லர்.

அங்ஙனமாயின் கொள்கை முழுதும் மெய்யோ எனின், அன்று. கற்கால உணவு என ஒன்று இருந்ததில்லை. கடற்கரையான் மீன் உண்டான். காட்டான் காட்டில் உள்ளது உண்டான். பனிநாட்டான் கொழுப்பு உண்டான். நமக்கு அணித்தான சான்றையே காட்டுவேன். ஹற்றனிலிருந்து அவிசாவளைக்கு இறங்கும் வழியிலே கித்துல்கலை உண்டு. அங்கே பேலிலென என்னும் குகையிலே தொல்பொருளாய்வாளர் சிரான் தெரணியகல அகழ்ந்தபோது, பல்லாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட மனிதரின் எச்சங்களோடு காட்டுப் பலாவினத்தின் எச்சமும், காட்டு வாழையின் எச்சமும், கொட்டைகளின் ஓடுகளும் வெளிப்பட்டன. களுத்துறை மாவட்டத்துப் பாஹியன்கலைக் குகையிலே வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 45,000 ஆண்டுகளுக்கு முன்னரே குரங்கையும் அணிலையும் வேட்டையாடி உண்டனர் என்று 2019இல் வெளியான ஆய்வு காட்டுகின்றது. மாச்சத்து மிக்க பலாவும் வாழையும் தொல்லிலங்கை மனிதனின் கையிலே இருந்தன. இக்காலப் பேலியோ அன்பரோ அவ்விரண்டையும் கண்டால் அஞ்சுகின்றார்.

தானியமும் அத்துணைப் புதிதன்று. கலிலேயாக் கடலோரத்திலே ஏறத்தாழ 23,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்கள் காட்டு வாற்கோதுமையைக் கல்லில் அரைத்தனர். யோர்தான் நாட்டிலே 14,000 ஆண்டுக்கு மேற்பட்ட கருகிய ரொட்டித் துணுக்குகளை ஆய்வாளர்கள் கண்டு 2018இல் வெளியிட்டனர். அவை உழவு தோன்றுதற்கு ஏறக்குறைய 4,000 ஆண்டு முற்பட்டவை. நம் உடலும் கல்லைப்போல மாறாது கிடந்ததன்று. பால் கறக்கும் இனத்தாருட் பலருக்கு, வளர்ந்தபின்னும் பாலைச் செரிக்கும் ஆற்றல் சில ஆயிரம் ஆண்டுகளுள்ளே அமைந்தது. மாவுணவை நெடுங்காலம் உண்ட இனத்தாரின் உமிழ்நீரிலே அதனைச் செரிக்கும் பொருள் மிகுதியாகச் சுரக்கின்றது. உணவு மனிதனை மாற்றுகின்றது. மனிதனும் உணவை மாற்றுகின்றான்.

தமிழாசிரியனிடம் தமிழ்ச் சான்று கேட்பீர்கள். பெரும்பாணாற்றுப்படையிலே எயினர் வருகின்றனர். எயினர் வேட்டுவர், ஏர் அறியாதவர். அவர்தம் பெண்டிர் நிலத்தைக் கிண்டிப் புல்லரிசி திரட்டி, நில உரலிற் குற்றிச் சமைத்து, உப்புக்கண்டத்தோடு விருந்தினர்க்கு இடுகின்றனர். எறும்பு சேர்த்துவைத்த புல்லரிசியைத் தேடி எடுத்தனர் என்று உரை கூறும். ஏர் பிடியாதவர்க்கும் தானியத்தின்மேல் அத்துணை வேட்கை இருந்தது. எனவே 'வேட்டுவன் தானியம் உண்ணான்' என்பது மேனாட்டுச் சான்றுக்கும் ஒவ்வாது. நம் சான்றுக்கும் ஒவ்வாது.

ஆயினும், தொல்லுணவைப் போற்றுவார்க்குத் துணையாக நிற்கும் செய்யுளும் ஒன்றுண்டு. அது புறநானூற்றின் 109ஆம் பாட்டு. பாரியின் பறம்பு மலையை மூவேந்தர் முற்றியபோது கபிலர் அவ்வேந்தரை நோக்கிப் பாடியது. முற்றுகையால் இம்மலையை வெல்லல் அரிது, என்னை? உழவர் உழாமலே பயன்தருவன நான்கு இங்கே உள்ளன என்கின்றார். மூங்கில் நெல் ஒன்று, பலாப்பழம் இரண்டு, வள்ளிக்கிழங்கு மூன்று, தேன் நான்கு. மேனாட்டார் 1975இல் எழுதத் தொடங்கிய பொருளைக் கபிலர் ஈராயிரம் ஆண்டுக்கு முன்னர் எண்ணிட்டுக் கூறிவிட்டார் என்று மேடையிலே கைதட்டல் பெறலாம். கைதட்டலை விடுத்துப் பாட்டை உற்று நோக்குங்கள். நான்கினுள் முதலாவது ஒரு நெல். மூன்றாவது ஒரு கிழங்கு. நான்கினுள் இறைச்சி ஒன்றேனும் இல்லை.

அதனினும் நுண்ணியது ஒன்றுண்டு. முற்றுகை நீண்டபோது பறவைகள் வெளியே பறந்துசென்று செந்நெற் கதிர்களைப் பறம்புக்குக் கொணர்ந்த செய்தி அகநானூற்றிலே வருகின்றது. நக்கீரரும் ஒளவையாரும் அதனைப் பாடினர். நான்கு உணவு தானே விளைந்த மலைக்கும் நெல் வெளியிலிருந்தே வரவேண்டியிருந்தது! மலையிலே அடைபட்ட மாந்தர்க்கு உணவு எங்கிருந்து வரும் என்பது பழைய வினா. இலக்கியத்தை விட்டு நம் சன்னலைத் திறந்தால் அவ்வினா நம் எதிரே நிற்கின்றது.

பறம்பு மலை உழாமலே உண்ணத்தந்தது. நம் மலையோ உழைத்து உழைத்தும் உண்ணத்தராத மலை. இங்கே வளர்வது தேயிலை. அஃது உலகத்தாரின் கிண்ணத்தை நிறைக்கும். பறித்தவரின் வயிற்றை நிறைக்காது. 1820கள் தொடங்கித் தமிழகத்தினின்றும் நம் முன்னோர் கோப்பித் தோட்டங்களுக்குக் கொணரப்பட்டனர். 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பி அழிந்தது; 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் நட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. பயிர் மாறியும் ஒன்று மாறவில்லை. தொழிலாளி தன் உணவைத் தான் விளைத்தானில்லை. இந்தியாவிலிருந்தும் பின்னர்ப் பர்மாவிலிருந்தும் கப்பலிலே அரிசி வந்தது. தோட்டமே அதனை அளந்து கொடுத்தது. கொடுத்ததன் விலையைச் சம்பளத்திற் கழித்தது. பறம்புக்குக் கதிர் கொணர்ந்த பறவைகள் கூலியிற் கழிக்கவில்லை, அவ்வளவே வேற்றுமை.

1942இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றினர்; அரிசிக் கப்பல் நின்றது. பங்கீட்டு முறை வந்தது. அரிசியின் இடத்திலே கோதுமை மா வந்தது. போர் முடிந்தபின்னும் மா நின்றுவிட்டது. என்னை? அது மலிவு, பிசைந்து தட்டிக் கல்லிலிட எளிது, பிரட்டுக்கு விடியுமுன் ஓடுகிறவளுக்கு உலையேற்ற நேரமேது? மலைக்குக் கொண்டுபோகவும் வசதி. 1973, 1974ஆம் ஆண்டுகளிலே அரிசியும் மாவும் அரிதாயினபோது தோட்டங்களிலே பட்டினி புகுந்தது. இறப்பு வீதம் உயர்ந்தது. 2022 செப்டெம்பரிலே கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பொருள் விலை ஓராண்டுக்குள் 94.9 வீதம் ஏறிற்று. தோட்டத் தொழிலாளியின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாவாகவும் 2024இல் 1350 ரூபாவாகவும் வர்த்தமானியில் வந்தது. ரொட்டி நம் மக்கள் தேர்ந்தெடுத்த உணவன்று. வரலாறு அவர் தட்டிலே இட்ட உணவு.

இவற்றையெல்லாம் அறியாது, "ரொட்டி நஞ்சு, அதனை விடுங்கள்" என்று லயத்து வாயிலில் நின்று சொல்பவன் பாதி உண்மையையே சொல்லுகின்றான். பாதி உண்மை முழுப் பொய்யினும் தீங்கு செய்யவல்லது. பேலியோ பிறந்த இடம் எது? உணவு மிகுந்த நாடு. அங்கே மனிதன் மூன்று வேளையும் வேண்டிய அளவுக்கு மேலே உண்டு, நாற்காலியில் இருந்து நோயுற்றான். அவனுக்குச் சொல்லிய மருந்து நீக்கல். நம் தோட்டத்துப் பிள்ளைகளின் நிலை யாது? 2016ஆம் ஆண்டு குடிசன, சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரம் வளராதார், நாடு முழுவதும் நூற்றுக்கு ஏறக்குறைய 17 பேர். தோட்டப்புறத்திலே ஏறக்குறைய 32 பேர். இப்பிள்ளைகளுக்கு வேண்டிய மருந்து சேர்த்தல். மிகையுண்டானுக்கு நீக்கல் மருந்து. குறையுண்டானுக்குச் சேர்த்தல் மருந்து. ஒருவன் மருந்தை மற்றவனுக்கு மாற்றிக் கொடுத்தால் வைத்தியம் ஆகுமோ?

வள்ளுவர் மருந்து அதிகாரத்தின் முதற் குறளிலேயே இதனை அடக்கினார். உணவும் செயலும் ஒருவனுடைய உடற்கூற்றுக்கு ஒத்த அளவினின்றும் மிகினும் நோய், குறையினும் நோய் என்பது பரிமேலழகர் கண்ட பொருள். மிகுதியை மட்டும் பேசுவது பேலியோ. குறைதலையும் உடன்வைத்துப் பேசுவது குறள். ஆதலால் 'எல்லார்க்கும் ஒரே பட்டியல்' என்பது நம் மருத்துவ மரபுக்கும் அயலானது.

சென்ற ஆண்டு ஒரு மாணவியின் தாயார் பாடசாலைக்கு வந்திருந்தார். கொழுந்து பறிப்பவர், நீரிழிவு உடையவர். மகளைப்பற்றிப் பேசி முடித்தபின் சற்றுத் தயங்கி நின்று கேட்டார்: "ஐயா, கொழும்புல இருக்கிற மகன் ரொட்டியும் சோறும் வேணாங்கிறான். குளிசையையும் நிப்பாட்டலாங்கிறான். ரொட்டிய விட்டுட்டா மலையேறி கொழுந்தெடுக்க எதத் திங்கிறதுங்க? அவன் சொல்ற பாதாமுக்கு நான் எங்க போவேன்?"

"அம்மா, மகன் உங்கள்மேல் உள்ள அன்பினாலே சொல்லுகிறான், கோபிக்காதீர்கள். ஆனால் வைத்தியர் சொல்லாமற் குளிசையை நிறுத்தாதீர்கள். ரொட்டியை ஒரேயடியாக விடவும் வேண்டாம். கிளினிக்கிலே கேட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். தேத்தண்ணிக்குச் சீனியை மட்டும் இன்றைக்கே நிறுத்தலாம்" என்றேன்.

"சீனிய விட்டுரலாங்க ஐயா. ரொட்டியத்தான் விட ஏலாது" என்றார் அவர்.

அவ்வம்மையார் சொல்லிய இரண்டு வாக்கியத்திலே பல நூல்களில் இல்லாத தெளிவு இருந்தது. நீரிழிவுக்கு உட்கொள்ளும் குளிசைகளிற் சில சர்க்கரையைத் தாமே இறக்குவன; இன்சுலினும் அத்தகையது. மருந்து பழைய அளவிலே நிற்க, மாவுணவை மட்டும் திடீரென நிறுத்தினாற் சர்க்கரை மிகத் தாழ்ந்து மயக்கம் வரும். வீட்டிலே மயங்கினால் யாரேனும் தாங்குவர். சரிவான மலையிலே கூடையோடு மயங்கினால் என்னாகும்? தொலைபேசியில் உபதேசிக்கும் பிள்ளைகள் இதனை அறிதல் வேண்டும். அன்பு மட்டும் மருத்துவமாகாது.

ஆசிரியர்களுக்கு ஒன்று கூற விரும்புகின்றேன். இடைவேளையிலே பெட்டியைத் திறந்தவுடன் மூடியை நிமிர்த்தி மறைத்துக்கொண்டு உண்ணும் பிள்ளைகளை நீங்கள் கண்டிருப்பீர்கள். உள்ளே இருப்பது ரொட்டியும் சம்பலும். அயலிலிருக்கும் பிள்ளை முட்டையும் சோறும் உண்ணுகின்றது. சிறுபாணாற்றுப்படையிலே ஒரு காட்சி உண்டு. வறிய பாணன் மனையிலே, குப்பையில் முளைத்த வேளைக்கீரையைப் பறித்து, உப்பும் இல்லாமல் வேகவைத்து, அயலார் காண்பரே என்று நாணிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு பகிர்ந்து உண்ணுகின்றாள் ஒருத்தி. பசியினும் கொடியது அந்த நாணம் என்பதைப் புலவர் நத்தத்தனார் அறிந்திருந்தார். "கோதுமை மா கூடாது" என்று வகுப்பிலே பொதுப்படச் சொல்லிவிட்டுப் போகின்ற ஆசிரியர், தாம் அறியாமலே அப்பிள்ளையின் பெட்டி மூடியை இன்னுஞ் சற்று நிமிர்த்துகின்றார். உணவுப் பாடம் நடத்துங்கள். அவமானப் பாடம் நடத்தாதீர்கள்.

அங்ஙனமே, சோறு தவிர்த்து உண்பவரைக் கேலிசெய்தலும் தகாது. அவர் தம் உடலின் பொருட்டு ஒரு நெறியை மேற்கொண்டார். பந்தியிலே அவரை வற்புறுத்திச் சோறிடுதல் விருந்தோம்பலாகாது.

பயன்படக்கூடியவற்றை இனித் தொகுத்துக் கூறுவேன். பேலியோவிலிருந்து நம் மலைக்கு எடுத்துக்கொள்ளத் தக்கவை உள. ஒன்று, சீனி. நாளொன்றுக்கு 5, 6 முறை தேநீர் குடிக்கும் ஊரிலே, ஒவ்வொன்றுக்கும் 2 கரண்டி சீனி என்றால், நாள் முடிவிலே 10, 12 கரண்டியாகின்றது. அதனை விடுதற்குப் பணம் வேண்டா, பணம் மிஞ்சும். இரண்டு, கீரை. வல்லாரையும் பொன்னாங்காணியும் அகத்தியும் நமக்குப் புதியனவல்ல. மூன்று, தட்டிலே ரொட்டி மட்டும் இராமல், அதனோடு ஒரு முட்டையோ நெத்தலிக் கருவாடோ கடலையோ பருப்போ இருத்தல். பருப்பை விலக்குக என்னும் பேலியோ விதியை நாம் தள்ளிவிடலாம். ஏழையின் புரதம் அதுவே. நான்கு, பொதிசெய்த பிஸ்கற்றும் நிறமூட்டிய பானமும் பிள்ளைகளின் கைக்கு வராமற் காத்தல்.

ஐந்தாவது ஒன்றுண்டு, அது பேலியோ நூலிலிருந்து வந்ததன்று. தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள், கீரையிலும் பருப்பிலுமுள்ள இரும்புச்சத்தை உடலிற் சேரவிடாது தடுக்கும். உணவோடும் உணவு முடிந்தவுடனும் சாயத்தண்ணி குடிக்கும் வழக்கத்தை விட்டு, ஒரு மணிநேரமாவது இடைவெளி விட்டுக் குடித்தல் நன்று. இரத்தச் சோகை மிகுந்த நம் பெண்களுக்கும் குமரப் பிள்ளைகளுக்கும் இது செலவில்லாத மருந்து. தேயிலையைப் பறிப்பவர்கள் அதன் குணத்தையும் அறிதல் வேண்டாமா?

ஆயினும் இவையெல்லாம் தனியொருவர் செய்யக்கூடியன. முட்டை வேண்டுமெனிற் கோழி வேண்டும். கோழி நிற்க இடம் வேண்டும். கீரை வேண்டுமெனிற் பாத்தி வேண்டும்; பாத்திக்கு நிலம் வேண்டும். லயத்திலே 10 அடி அறையும் அதன் முன்னே ஓடும் கானுமே உடையவனுக்குக் கீரை உண்ணென்று சொல்லுதல் எளிது, முளைப்பது எங்கே? அண்மைக் காலத்திலே தனிவீடுகளோடு 7 பேர்ச் காணி வழங்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அதனைப் பெற்றவர் இன்னுஞ் சிலரே. அந்த 7 பேர்ச் காணியிலே வீடு போக எஞ்சியது ஒரு பாத்தியளவேயாயினும், அதிலே முளைக்கும் கீரையும் போஞ்சியும் ஒரு மரவள்ளிச் செடியும் அங்காடியிலே விலை கேட்க வேண்டாதவை. உழவர் உழாத நான்கைப் பாடிய கபிலர் இன்று நம் மலைக்கு வந்தால், இங்கே தொழிலாளர் தமக்கென உழப்பெறாத நிலத்தையே பாடுவார்.

இதனாலேதான், சாப்பாட்டுப் பெட்டியோடு அமையாத பொருளொன்று இதனுள் உண்டென்றேன். எதை உண்ணலாம் என்று தேர்தல் ஓர் உரிமை. தேர்தற்கு இரண்டு பொருளேனும் எதிரே இருத்தல் வேண்டும். 100 பாதாமா, 2 முட்டையா என்று தேரும் நிலையிலே ஒருவர். ரொட்டியா, பட்டினியா என்று தேரும் நிலையிலே மற்றொருவர். இருவர்க்கும் ஒரே உபதேசத்தைச் சொல்லுதல் முறையன்று. மாணவர்கள் பேலியோவைப் பற்றிக் கேட்டால் விளக்குங்கள்; அதன் நன்மையையும் குறையையும் காட்டுங்கள். அதனோடு இன்னொரு வினாவையும் அவர்களிடம் கேளுங்கள்: நம் மலையிலே உணவு விளையாமற்போனது ஏன்? அவ்வினாவுக்கு விடை தேடப் புறப்படும் பிள்ளை வரலாற்றையும் படிக்கும், நிலவுரிமையையும் படிக்கும், வளர்ந்தபின் அதனைக் கேட்டும் பெறும். கற்கால மனிதனுக்கு இருந்து நம் தோட்டத்து மனிதனுக்கு இல்லாதுபோனது இறைச்சி ஒன்றே அன்று. தான் நிற்கும் மண்ணிலிருந்து தன் உணவை எடுத்துக்கொள்ளும் உரிமை அவனுக்கு இருந்தது. பட்டியல் போடுவதற்கு முன் அதனைத் திருப்பிக் கொடுக்கட்டும்.